ஒன்பது பாட்டில் வேகும் ரொட்டி

பேக்கரி மாஸ்டருக்குப் பழைய காதலி ஒருத்தி இருக்கிறாள், அவள் ஒரு பாடகி, அவள் குரலைக் கேட்காமல் அவருக்கு மாவு பிசைய வராது, அதனால்தான் மனுஷன் ஒரே டிஸ்க்கைத் திரும்பத் திரும்பக் காசு கொடுத்து வாங்குகிறார் என்று தெருவில் வெகுநாளாக ஒரு பேச்சு. சமீபத்தில் அந்தப் பேச்சுக்கு ஒரு வாலும் முளைத்தது. விஷயம் மாஸ்டரின் மனைவிக்குத் தெரிந்துபோய், ஆத்திரத்தில் ஓர் அடுப்பு ரொட்டியை அப்படியே கரியாக்கிவிட்டாளாம். ரொட்டி கரியானது பொய்யில்லை. தெருவே அன்று மூக்கைப் பொத்திக்கொண்டு நின்றது. கரிந்த ரொட்டி நிஜம் என்றால் காதலியும் நிஜமாகத்தானே இருக்க வேண்டும்? இது தெருவின் கணக்கு.

பேச்சு புறப்பட்ட இடம் பஸ் நிறுத்தத்துக்கு எதிர்க்கடை. கடைக்காரர் பெயர் யாருக்கும் வேண்டியிருக்கவில்லை, ‘கேசட்’ என்றால் போதும். முன்பு கேசட் விற்றார், பிறகு டிஸ்க் விற்றார், இப்போது விற்பது செல்போன் உறை. பெயர் மட்டும் முதல் வியாபாரத்திலேயே தங்கிவிட்டது. விற்காமல் தேங்கிய டிஸ்க்குகள் ஒரு அட்டைப்பெட்டியில் மேஜைக்கடியில் கிடந்தன. அந்தப் பெட்டிக்கு இருந்த ஒரே வாடிக்கையாளர் மாஸ்டர்தான்.

“நீங்களே யோசிங்க,” என்பார் கேசட், யோசிக்க யாருக்கும் அவகாசம் கொடுக்காமல். “இந்தக் காலத்துல யாராவது டிஸ்க் வாங்குவாங்களா? சரி, வாங்கட்டும். ஒரே டிஸ்க்கையா வாங்குவாங்க? கல்யாணமான ஆம்பிளை, ஒரே பொம்பளை குரலை, இத்தனை தடவை! சும்மாவா?”

“அட்டையில அந்தப் பொம்பளை படம் இருக்கா?”

“அதான் இல்லை. பெரிய பூ ஒண்ணுதான் இருக்கு. முகத்தை எதுக்கு மறைக்கணும்? அதைச் சொல்லுங்க முதல்ல.”

இதற்கு யாரிடமும் பதில் இல்லை. பதில் இல்லாத கேள்வி தெருவில் சாட்சியமாகிவிடும்.

ஆனால் பேக்கரிக்குள் போய் விசாரித்தால் கதையில் முதல் ஓட்டை சீக்கிரமே விழுகிறது. அந்த டிஸ்க்கை முதன்முதலில் வாங்கியவர் மாஸ்டரே இல்லை. அவர் மனைவி. கடை திறந்த புதிதில், இதே கேசட்டிடம், அட்டையில் இருந்த பூ அழகாக இருக்கிறது என்று வாங்கினாள். கேசட்டுக்கு அது நினைவில்லை. பெண் பாட்டு வாங்கினால் வியாபாரம். ஆண் வாங்கினால்தான் கதை.

இரண்டாவது ஓட்டை இன்னும் பெரியது. பாடகியின் பெயரே மாஸ்டருக்குத் தெரியாது. “பேரு எதுக்குங்க? ஜலதோஷம் பிடிச்ச மாதிரி பாடும். ஆனா நல்ல பொண்ணு. ஒரு நாளும் ரொட்டியைக் கருக விட்டதில்லை” என்றார். காதலியைப் பற்றி யாரும் இப்படிப் பேசுவதில்லை. நம்பிக்கையான வேலையாளைப் பற்றித்தான் இப்படிப் பேசுவார்கள்.

அந்தப் பாடகி உண்மையில் அங்கே வேலையாள்தான். பேக்கரி மூன்று அறை. முன்னால் கண்ணாடி அலமாரியும் கல்லாவும். நடுவில் அடுப்பறை. அது மாஸ்டரின் மனைவியுடைய ராஜ்ஜியம், தெருவுக்கு அவள் ‘பேக்கரி அக்கா’. பின்னால் மாவறை, மாஸ்டரின் இடம். இரண்டுக்கும் நடுவே கதவில்லாத ஒரு பெரிய திறப்பு. அதன் வழியாகத் தட்டுகள் போகும், வசவுகள் வரும். அடுப்பறைச் சுவரில் ஒரு கடிகாரம் உண்டு. அதன் முகத்தில் மாவு படிந்து எத்தனையோ காலம் ஆகிறது. யாரும் துடைக்கவில்லை. யாருக்கும் அது தேவைப்படவில்லை.

தட்டுகளை அடுப்புக்குள் தள்ளியதும் அக்கா டிஸ்க்கைப் போடுவாள். முதலில் வருவது விடியல் பாட்டு. பிறகு ஒரு புருஷனும் பெண்டாட்டியும் மல்லுக்கட்டும் சண்டைப் பாட்டு. மூன்றாவது சைக்கிள் பாட்டு, அது தொடங்கினால் தட்டுகளை முன்பின்னாகத் திருப்ப வேண்டும். ஊஞ்சல், கப்பல், மழை. மழைப் பாட்டு முடிந்து தாலாட்டு ஆரம்பிக்கும்போது ரொட்டி வெளியே வரும். அழுகைப் பாட்டில் ஆறும். கடைசியில் ‘போய்வருகிறேன்’ என்று விடைபெறும் டாட்டா பாட்டில் ரொட்டி முன்னறைக்குப் போகும். இந்தப் பெயர்களெல்லாம் அக்கா வைத்தவை. பாட்டை எழுதினவர் என்ன பெயர் வைத்தாரோ, அவர் ரொட்டி சுட்டதில்லை.

வாடிக்கையாளர்களுக்கும் இது பழக்கமாகிவிட்டது. “அக்கா, மழை வந்தாச்சா?” என்று வெயிலில் நின்று கேட்பார்கள். “இப்பதான் கப்பல் போய்க்கிட்டு இருக்கு, ஒரு டீ குடிச்சிட்டு வாங்க” என்று உள்ளேயிருந்து பதில் வரும். வழிப்போக்கர்கள் வேகமாக நடையைக் கட்டுவார்கள்.

சூட்டிலும் மாவிலும் டிஸ்க்குகள் அற்பாயுசில் போயின. ஒன்று போனால் மாஸ்டர் இன்னொன்று வாங்கிவருவார். செத்த டிஸ்க்குகளை நூலில் கட்டி ஜன்னலில் தொங்கவிட்டார்கள், மாவு மூட்டைக்கு வரும் புறாக்கள் அந்த மினுக்கலைக் கண்டு மிரளும் என்று. பாட்டைக் காசு கொடுத்து வாங்கினால் அது நம் சொத்து என்பார்களே, இதுதான் அந்தச் சொத்து. புறாக்கள் அதன் நிழலில் உட்கார்ந்து இளைப்பாறின.

இனிக் காதுக்கு வருவோம்.

மாஸ்டருக்கு முதலில் சந்தேகம் வந்தது போன் மணியால். அக்காவின் முழங்கைக்குப் பக்கத்திலேயே அது அலறியது. அவள் தட்டு துடைத்துக்கொண்டே இருந்தாள். கோபம் என்று நினைத்தார். கல்யாணமானவர்கள் முதலில் அப்படித்தான் நினைப்பார்கள். இரண்டு நாள் பம்மிப் பம்மி நடந்துவிட்டு, கடைசியில் கேட்டும் பார்த்தார். “நான் என்ன தப்பு பண்ணேன்னு சொல்லிடும்மா.”

“எதைச் சொல்ல? வரிசையா சொல்லவா, கலந்து சொல்லவா?” என்று அக்கா சிரித்தாள். கோபம் இல்லை. அப்படியென்றால் போன் அவள் காதில் விழவே இல்லை.

கவனித்துப் பார்த்தார். வாசல் மணியின் கிணிங், மகள் வாங்கிக் கொடுத்த டைமரின் கீச் கீச், ஜன்னல் குருவி என்று மெல்லிய ஓசைகள் ஒவ்வொன்றாக அவளிடம் சொல்லிக்கொள்ளாமல் போய்விட்டிருந்தன. கனத்த ஓசைகள் மட்டும் பாக்கி. மிக்ஸரின் உறுமல், தட்டு விழும் சத்தம், பாட்டின் தாளம், கட்டைக்குரலில் அவர் பேசுவது. அவளும் சொல்லவில்லை, அவரும் கேட்கவில்லை. கேட்டால் ‘ஆமாம்’ என்று வரும். ‘ஆமாம்’ என்று வந்தால் வெளியூரில் இருக்கும் மகளுக்குப் போகும். மகளுக்குப் போனால், நெருப்புப் பக்கம் அம்மா நிற்கக் கூடாது, வீட்டில் உட்காரட்டும் என்று திரும்பி வரும். வீட்டில் உட்கார்ந்த அக்காவை மாஸ்டர் ஒருமுறை பார்த்திருக்கிறார், அவள் மணிக்கட்டு பிசகியபோது. காலையில் அலமாரியைக் கிழக்கே தள்ளினாள், மாலையில் மேற்கே தள்ளினாள். மூன்றாம் நாள் ஜன்னல் திரையோடு சண்டை போட்டுக்கொண்டிருந்தாள். நாலாம் நாள் ஒன்றுமே செய்யாமல் சுவரைப் பார்த்துக்கொண்டிருந்தாள். அந்த நாலாம் நாளை நினைத்தால்தான் அவருக்குப் பயம்.

ஆகவே மாஸ்டர் ஒரு காரியம் செய்தார். தானே செவிடாகிவிட்டார்.

“எனக்குக் காது மந்தமாயிடுச்சுங்க, கொஞ்சம் சத்தமா பேசுங்க” என்று வருவோர் போவோரிடமெல்லாம் சொல்லிவைத்தார். வாசல் மணியை எடுத்துவிட்டு, லாரிக்காரரிடம் சொல்லிக் கட்டைக் குரலில் ஊதும் ஹாரன் ஒன்று பொருத்தினார். போனைத் தகரத் தட்டின்மேல் வைத்தார், அடித்தால் அது தடதடவென்று ஆடும். தெரு முழுக்க “மாஸ்டர்! ஆறு பன்!” என்று தொண்டை கிழியக் கத்தியது. மாஸ்டர் காதில் கைவைத்து “என்னது?” என்பார். அதற்குள் அக்கா பன்னை எடுத்துக் கட்டிவிடுவாள்.

செவிடானதில் ஒரு கஷ்டம், எல்லாம் காதில் விழுந்தது. பக்கத்தில் நின்றுகொண்டே பேசினார்கள். மாஸ்டரின் கேக்கைப் பாத்திரம் தேய்க்கும் நாரோடு ஒப்பிட்ட தபால்காரருக்கு அவர் சிரித்த முகத்தோடு மீதிச் சில்லறை கொடுக்க வேண்டியிருந்தது. காதலி கதையையும் அப்படித்தான் கேட்டார், கேசட்டே வந்து அவர் முதுகுக்குப் பின்னால் நின்று இன்னொருவருக்குச் சொன்னபோது. திரும்பி ஒரு அறை விட்டிருக்கலாம். விட்டால் காது கேட்கிறது என்று தெரிந்துவிடுமே.

டிஸ்க் மட்டும் அக்காவை ஏமாற்றவில்லை. வேறு பாட்டு எங்காவது ஓடினால் “என்ன இரைச்சல் அது” என்பாள். இந்த ஒன்பது பாட்டுக்கு மட்டும் உதடு சரியாக அசையும். அடுத்து என்ன வரும் என்று தெரியும் அல்லவா? பாதியைக் காதால் கேட்டாள், மீதியை ஞாபகத்தால் கேட்டாள். இரண்டும் சேர்ந்து முழுப் பாட்டானது. அதனால்தான் மாஸ்டர் கேசட்டின் பெட்டியைத் துருவிக்கொண்டே இருந்தார்.

ஒருநாள் பெட்டி காலியானது. கேசட் அதைத் தலைகீழாகக் கவிழ்த்துக் காட்டினார். ஒரு கரப்பான்பூச்சி வந்தது, டிஸ்க் வரவில்லை. அதே வாரம் பிளேயரும் மாவு தின்று மூச்சை நிறுத்தியது. மாஸ்டர் நடுக்கோடையில் அடுப்புக்கு முன்னால் வந்து நின்று, வியர்வையைத் துடைத்துக்கொண்டே “கொஞ்சம் குளிரா இருக்கும்மா” என்றார். நின்ற சாக்கில் “வாசம் வந்துடுச்சு பாரு” என்று பொதுவாகச் சொல்வார். இப்படி எத்தனை நாள் குளிர் காய முடியும்?

அந்த நேரம் பார்த்து மகள் விடுமுறையில் வந்தாள். காப்பீட்டு அலுவலகத்தில் வேலை, எதற்கும் ஒரு ஏற்பாடு வைத்திருக்கிற புத்தி. ஒரு ஸ்பீக்கர் வாங்கி வந்தாள், செல்போனில் ஒரு ஆப்பைப் போட்டாள், மாதச் சந்தாவையும் தானே கட்டினாள்.

“அப்பா! உலகத்துல இருக்கிற எல்லாப் பாட்டும் இதுல இருக்கு!” அப்பாவுக்குக் காது மந்தம் என்பதால் அதை உலகத்துக்கே கேட்கும்படி சொன்னாள்.

“எல்லாம் எதுக்கு பாப்பா? ஒன்பது போதும்.”

“ஒன்பது என்ன, கோடிக்கணக்குல இருக்கு!”

“அவ்வளவு பாட்டுக்கு ரொட்டி சுட்டா யாரு வாங்குவா?”

தேடினால் அதே பூ வந்தது. மறுநாள் அக்கா தட்டுகளைத் தள்ள, மகள் விடியல் பாட்டை அழுத்திவிட்டு முன்னறைக் கல்லாவுக்குப் போனாள். மாஸ்டர் வாசலில் மாவு மூட்டை இறக்கிக்கொண்டிருந்தார். விடியல் பாட்டு ஒழுங்காக முடிந்தது. முடிந்ததும் ஆப் தன் புத்தியைக் காட்டியது. ‘இதைக் கேட்டவருக்கு இதுவும் பிடிக்கலாம்’ என்று எவரோ ஒருவரைப் பாடவிட்டது. பிறகு இன்னொருவர். பிறகு ஒரு கூட்டமே.

அக்கா அடுப்பிலிருந்து தட்டு எடுக்கும் நீளத் துடுப்பைக் கையில் பிடித்தபடி நின்றாள். சண்டை வரும், சைக்கிள் வரும், திருப்பலாம் என்று நின்றாள். வந்ததெல்லாம் வெறும் இரைச்சல். ஒரு பாட்டு எங்கே முடிந்தது, அடுத்தது எங்கே தொடங்கியது என்றே தெரியவில்லை. விட்ட இடத்தைப் பிடித்துவிடலாம் என்று அவள் காத்துக்கொண்டே இருக்க, முதலில் வந்தது புகை.

மகள் ஓடிவந்தாள். “அம்மா! டைமர் வச்சிருந்தேனே! உங்க பக்கத்துலயே கத்திக்கிட்டு இருக்கே!”

டைமர் அப்போதும் கீச் கீச் என்றது. அக்கா அதைப் பார்க்கவில்லை. மகளின் வாயைப் பார்த்தாள்.

“மறந்துட்டேன் பாப்பா” என்றாள்.

கருகிய ரொட்டியை வாசலில் கொட்டப் போன மாஸ்டருக்குப் பின்னாலேயே மகள் போனாள். பிறகு, அப்பாவின் முதுகுக்குப் பின்னால், தனக்குத்தானே சொல்வதுபோல் மெல்ல முணுமுணுத்தாள். “அப்பா, சட்டைக் காலர்ல பல்லி.”

மாஸ்டர் துள்ளிய துள்ளலில் தட்டு ஒரு பக்கம், ரொட்டி ஒரு பக்கம் போனது.

பல்லி இல்லை. மகள் சிரிக்கவும் இல்லை. “எத்தனை நாளா இந்த நாடகம்?”

“எந்த நாடகம்? கொஞ்சம் சத்தமா பேசு.”

“அப்பா.”

மாஸ்டர் கவிழ்ந்த தட்டைக் குனிந்து எடுத்தார். நிமிர நேரம் எடுத்துக்கொண்டார். “அவளுக்கு நான் கண்டுபிடிச்சது தெரியாது.”

“அம்மா இனிமே அடுப்புப் பக்கம் நிக்க வேண்டாம். கல்லாவுல உக்காரட்டும், இல்ல வீட்டுல இருக்கட்டும். கை சுட்டுக்கிட்டா? துணி பத்திக்கிட்டா?”

“கல்லாவுல உக்காந்தா கீச்சுக் குரல் கஸ்டமர் கேக்கறது விழாது. ரெண்டு பேரு சிரிச்சாப் போதும், அவ வீட்டுக்குள்ள போய்க் கதவைச் சாத்திக்குவா.” தட்டில் ஒட்டிய கரியை நகத்தால் சுரண்டினார். “அடுப்பு முன்னால அவ அவளா இருக்கா பாப்பா. அதை மட்டும் பிடுங்கிடாதே. உங்க அம்மாவுக்கு நெருப்பு தெரியும். வேண்டியது அந்த வரிசைதான்.”

மகள் புகை படிந்த சுவரைப் பார்த்தாள். “லீவு முடியறதுக்குள்ள ஒரு அடுப்பு சரியா வரட்டும். வந்தா நான் வாயே திறக்கல. வரலைன்னா அம்மாகிட்ட நானே பேசிடுவேன்.”

அன்றே உட்கார்ந்து அப்பாவைக் கேட்டுக் கேட்டு ஒன்பது பாட்டையும் அதே வரிசையில் ஆப்பில் அடுக்கினாள். அடுக்கினால் எட்டுதான் இருந்தது. மழைப் பாட்டின் பெயர் சாம்பல் நிறத்தில் மங்கிக் கிடந்தது. தொட்டால், ‘இந்தப் பாடல் தற்போது கிடைக்காது’ என்றது. ஏன் கிடைக்காது, யார் எடுத்துக்கொண்டு போனார்கள், எப்போது திருப்பித் தருவார்கள் என்று கேட்க அங்கே ஆள் இல்லை. வாடகை கொடுத்துக் குடியிருக்கிற வீட்டில், ஒருநாள் காலை எழுந்து பார்த்தால் வீட்டுக்காரர் ஒரே ஓர் அறையை மட்டும் பூட்டிச் சாவியோடு போய்விட்டதுபோல. அதுவும் சமையலறையை.

மழைப் பாட்டு இல்லாமல் தாலாட்டு வந்தால் ரொட்டி வெளுத்து, நடுவில் பசை பசையென்று வரும். மகள் அதே நீளத்தில் வேறொரு மழைப் பாட்டைச் செருகிப் பார்த்தாள். “இது யாரு நடுவுல?” என்று அக்கா தடுமாறி, பின்னால் வந்த தாலாட்டையும் தவறவிட்டாள். மகள் அந்த இடத்தை வெறும் மௌனமாக விட்டுப் பார்த்தாள். மெஷின் நின்றுவிட்டது என்று அக்கா ஸ்பீக்கரின் தலையில் இரண்டு போடு போட்டாள். ஜன்னலில் தொங்கிய டிஸ்க்குகளை எல்லாம் அறுத்து, துடைத்து, பக்கத்து வீட்டுப் பிளேயரில் ஓட்டிப் பார்த்தார்கள். வெயில் எல்லாவற்றையும் தின்றிருந்தது. புறாக்கள் மட்டும் ஜன்னலிலிருந்து ஏக்கமாகப் பார்த்தன.

லீவு முடிய ஒரே ஒரு நாள் இருந்தபோது மாஸ்டர் மாவுக் கையை உதறிக்கொண்டே சொன்னார். “நான் வேணா பாடட்டுமா?”

“நீங்களா?”

“தினம் கேட்ட பாட்டுதானே.”

கடைக்குப் பின்னால் மூட்டை அடுக்கியிருந்த கொட்டகையில் கதவைச் சாத்திக்கொண்டார்கள், மகள் செல்போனைப் பதிவில் போட்டாள். மாவு மூட்டைகள் எதிரொலியை விழுங்கும் என்று மகள் சொன்னாள். மாஸ்டர் தலைகீழாகக் கவிழ்த்த தட்டில் விரலால் தாளம் போட்டார், கண்ணை மூடிக்கொண்டார், ஆரம்பித்தார்.

*சாரல் வந்து கதவைத் தட்டுது, சாவி யார் கையில்?*

சுருதி எங்கோ போனது, தாளம் மட்டும் பிசகவில்லை. குடை ஒன்றுதான் இருக்கிறது, நனைவதோ நாலு தோள் என்று வரும் முதல் சரணத்தைக்கூடச் சமாளித்துவிட்டார். பல்லவிக்குத் திரும்பினார். அப்புறம் வாயைத் திறந்தபடி நின்றுவிட்டார்.

“என்னாச்சு? ரெண்டாவது சரணம்?”

“தெரியல.”

“தினம் கேட்ட பாட்டுன்னீங்க!”

மாஸ்டர் யோசித்தார். யோசிக்க யோசிக்க அவர் முகத்தில் ஒரு திகைப்பு பரவியது. தினமும் அந்த இடத்தில்தான், முதல் சரணம் முடிந்ததும், அடுத்த மாவுக்கு மிக்ஸரைப் போடுவார். இத்தனை வருஷமாக அந்த இரண்டாவது சரணத்தை அவர் ஒருமுறைகூடக் கேட்டதில்லை. திறப்புக்கு அந்தப் பக்கம் அக்காவின் உதடு அசைவதை மட்டும் பார்த்திருக்கிறார்.

“முதல் சரணத்தையே ரெண்டு தடவை பாடிடுங்க. நீளம் சரியா இருந்தாப் போதும்” என்றாள் காப்பீட்டு அலுவலகம்.

அப்படியே பாடினார். ஆறாவது இடத்தில் அது உட்கார்ந்தது.

மறுநாள் காலை மாஸ்டர் பிசைந்த மாவையே திரும்பப் பிசைந்துகொண்டிருந்தார். அக்கா தட்டுகளைத் தள்ளினாள். விடியல் வந்தது. சண்டை வந்ததும் அவள் தோள் கொஞ்சம் இறங்கியது. சைக்கிளில் சரியாகத் திருப்பினாள். ஊஞ்சல், கப்பல். முன்னறையில் மகள் ஒரே நோட்டைத் திரும்பத் திரும்ப எண்ணினாள்.

மழைப் பாட்டு.

அக்காவின் கை அப்படியே நின்றது. தலையைக் கொஞ்சம் சாய்த்தாள். ஜலதோஷக்காரியின் மெல்லிய குரலை அவள் எந்தக் காலத்திலோ தவறவிட்டுவிட்டாள், ஞாபகத்தை வைத்துத்தான் ஒப்பேற்றிக்கொண்டிருந்தாள். இந்தக் குரலோ கட்டை. நேரே வந்து விழுந்தது. ஒரு சொல்கூடச் சிந்தவில்லை. அவள் திரும்பவில்லை. மாவறைத் திறப்புக்கு முதுகைக் காட்டியபடியே, துடுப்பின் காம்பில் விரலால் தட்டிக்கொண்டு நின்றாள். மாஸ்டருக்கு அவள் முகம் தெரியவில்லை, காதோரம் மட்டும் தெரிந்தது. அது சிவந்திருந்தது. அடுப்புச் சூடாகவும் இருக்கலாம்.

தாலாட்டு ஆரம்பித்தது. ரொட்டி வெளியே வந்தது, பொன்னிறமாக, ஒன்றுகூடப் பழுதில்லாமல்.

“என்னங்க,” என்று கூப்பிட்டாள் அக்கா. “அந்தப் பொண்ணுக்கு என்ன, ஜலதோஷம் முத்திடுச்சா?”

“யாருக்கு? ஏன், நல்லாத்தானே பாடுது.”

“மீசை முளைச்ச மாதிரி பாடுதே.”

முன்னறையில் மகள் வாயைப் பொத்திக்கொண்டாள். அக்கா துடுப்பைச் சுவரில் சாய்த்துவிட்டு, திறப்பருகே வந்து நின்றாள். “எனக்குத் தெரியாதுன்னு நினைச்சீங்களா? வாசல்ல லாரி ஹாரன் வச்ச அன்னிக்கே தெரியும். செவிட்டு மனுஷன் தூரத்துல ஐஸ் வண்டி வரும்போதே சட்டைப் பையைத் தடவுவாரா?”

“அப்புறம் ஏன் சொல்லல?”

“நீங்க சந்தோஷமா செவிடா இருந்தீங்க. கெடுப்பானேன்?”

மாஸ்டர் மாவைப் பார்த்தார். இதுதான் சமயம் என்று பட்டது. “காது டாக்டர்கிட்ட ஒரு தடவை காட்டலாமேம்மா. அடுப்பு எங்கயும் போகாது. பாப்பாவும் ஒண்ணும் சொல்ல மாட்டா.”

“போகலாம்,” என்றாள் அக்கா, அவ்வளவு சுலபமாக. அடுத்த நொடியே விரலை நீட்டினாள். “ஆனா அந்த ரெண்டாவது சரணம் எங்க? இருக்கறதுலயே நல்ல இடம் அது. குடையையே ரெண்டு தடவை விரிச்சு என்னை ஏமாத்தப் பார்த்தீங்களா? பாக்கியை முடிங்க. அன்னிக்கு டாக்டர்.”

“எனக்கு வரி தெரியாதும்மா. மிக்ஸர் ஓடும்.”

“நான் சொல்லித் தரேன்.”

மகள் அன்று மாலை வண்டியேறினாள். வாக்குக் கொடுத்தபடி வாயைத் திறக்கவில்லை. சந்தாவை மட்டும் மாதாமாதம் கட்டுகிறாள். டிஸ்க் வாங்க மாஸ்டர் வராததைக் கண்ட கேசட், தன் பெட்டி காலியானதை மறந்து, காதலி கைவிட்டுவிட்டாள், பாவம் மனுஷன் தானே பாட ஆரம்பித்துவிட்டார் என்று கதையைத் திருத்தி வெளியிட்டிருக்கிறார். பாதி சரி என்பதால் யாரும் மறுக்கவில்லை.

நாலு வரிச் சரணத்தை அக்கா ஓர் அடுப்புக்கு ஒரு வரி என்று சொல்லித் தருகிறாள். *மழை ஓய்ந்த பின்னும் கூரை பேசுது* என்ற முதல் வரி மாஸ்டருக்கு வந்துவிட்டது. இரண்டாவது வரி காலையில் வரும், மாலையில் போகும். யார் காதிலும் விழாமல் பழகலாம் என்று அவர் மிக்ஸரைப் போட்டுவிட்டு, அந்த உறுமலுக்கு நடுவே பாடிப் பார்க்கிறார். அவர் குரல் அவருக்கே கேட்பதில்லை.

“தப்பு!” என்கிறாள் அக்கா, அடுப்பறையிலிருந்து அவர் உதட்டைப் பார்த்துக்கொண்டே.

மாஸ்டர் மறுபடி ஆரம்பிக்கிறார். இரண்டரை வரி இன்னும் பாக்கி.